சந்தாவுக்குள் அடங்காத நகரம்

திருப்பூரில் உருவாகும் ஒரு சாதாரணப் பனியன் சட்டை, நூலாக ஊருக்குள் நுழைந்த தினத்திலிருந்து அட்டைப்பெட்டியில் அடைபட்டுத் துறைமுகத்தை நோக்கி லாரியேறும் தினம் வரையில், ஒரே கூரையின் கீழ் இருப்பது அபூர்வம். பின்னல் யந்திரங்கள் ஓடுவது ஒரு தெருவில். வெளுப்பதும் சாயமேற்றுவதும் ஊரோரத்துச் சாயப்பட்டறையில். அச்சு குத்துவது இன்னோரிடத்தில். வெட்டிய துண்டுகளைத் தைப்பது, பத்துப் பதினைந்து தையல் யந்திரங்களை வரிசையாக இட்டு நடத்தப்படும் ஏதோவொரு ‘பவர்டேபிள்’ கூடத்தில். காஜா எடுத்துப் பட்டன் தைப்பதும், பிசிறு வெட்டிச் செக்கிங் செய்வதும் வேறு வேறு கைகளில். இந்த ஏற்பாட்டினால் விளைந்த பெரும் அனுகூலம், கையில் அதிகப் பணமில்லாதவனும் நாலு யந்திரங்களை வாடகைக்கு எடுத்து முதலாளியாகிவிடலாம் என்பது. கொங்கு நாட்டுப் புன்செய்க் காடுகளை விட்டுப் பனியன் கம்பெனிக்குக் கூலிக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் பிற்காலத்தில் கம்பெனி உடைமையாளராக உயர்ந்த விருத்தாந்தம் அவ்வூரில் வீட்டுக்கு வீடு கேட்கக் கூடியது. ஆனால் இதே ஏற்பாட்டில் ஒரு பலஹீனமும் உண்டு. ஆயிரக்கணக்கான சிறு முதலாளிகள் நிறைந்த நகரத்தில், சாலை போடவோ, சாக்கடை கட்டவோ, தண்ணீர் கொண்டுவரவோ, அந்நிய நாட்டு அரசாங்கத்தின் வரிக் கொள்கையைப் பற்றி டில்லியில் சென்று முறையிடவோ போதுமான வலிமை அவர்களில் எவருக்குமே தனித்து இருப்பதில்லை.

வியாபாரச் சங்கம் என்ற ஸ்தாபனம் பிறப்பது இந்த இடைவெளியில்தான். எல்லோருக்கும் அவசியமானது, ஆனால் யாரும் தன் பெட்டியிலிருந்து மட்டும் செலவழித்துச் செய்ய இசையாதது என்று சில காரியங்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பாசனக் குடிகள் வீட்டுக்கு ஓர் ஆளாக அனுப்பி ஏரிக்கரையை உயர்த்திய பழைய குடிமராமத்து முறை எந்த நியாயத்தின்மேல் நின்றதோ, அதே நியாயத்தின்மேல்தான் சந்தா கட்டி அங்கத்தினராகும் நவீனச் சங்கமும் நிற்கிறது. நம் நாட்டுக்கு இது புதிதன்று. இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் தங்கள் சரக்கின்மேல் தாங்களே மகமை விதித்துக்கொண்டு கோயிலுக்கும் குளத்துக்கும் கொடுத்ததைக் கல்வெட்டுகள் பேசுகின்றன. அதற்கும் முன்னால், திருப்பூரைத் தாண்டிக் கிழக்கே ஓடும் இதே நொய்யல் நதியின் கரையில், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப் பெயர் பெற்ற கொடுமணலில், இரும்பு உருக்கியும் மணிக்கல் பட்டை தீட்டியும் ஒரு தொழில் நகரமே வாழ்ந்திருக்கிறது. நொய்யலுக்குத் தொழிலோடு ஏற்பட்ட சம்பந்தம் அத்தனை நீண்டது. அந்தச் சம்பந்தத்தின் கசப்பான பகுதிக்குப் பின்னால் வருவோம்.

உள்நாட்டு விற்பனைக்குப் பனியனும் ஜட்டியும் செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1956-ல், ‘சைமா’ என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கம் அவ்வூரில் தோன்றிவிட்டது. எழுபதுகளின் இறுதியில் இத்தாலி முதலிய ஐரோப்பிய நாட்டு வியாபாரிகளின் கண் திருப்பூரின்மேல் விழுந்து, மெல்ல மெல்ல ஏற்றுமதி தலையெடுத்தது. எண்பதுகளின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் பத்துக் கோடி ரூபாய் அளவில் இருந்த அந்த வியாபாரம் இன்று பல்லாயிரம் கோடிகளில் எண்ணப்படுகிறது. இந்தியாவிலிருந்து கப்பலேறும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நகரத்திலிருந்து செல்பவை. உள்நாட்டு வியாபாரிக்கு இல்லாத கவலைகள் ஏற்றுமதிக்காரருக்கு ஏற்பட்டபடியால், 1990-ல் ஏ. சக்திவேலைத் தலைவராகக் கொண்டு திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தனியே அமைந்தது. அப்பொழுது உலக ஜவுளி வியாபாரம் பெரும்பாலும் ‘கோட்டா’ முறைக்குக் கட்டுப்பட்டிருந்தது. எந்த நாட்டுக்கு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்பதை அதிகாரிகளே பங்கிட்டார்கள். அந்தப் பங்கீட்டில் தன் ஊரின் குரலை ஒலிக்கச் செய்வது ஆரம்ப காலத்தில் சங்கத்தின் பிரதானப் பணிகளுள் ஒன்றாயிருந்தது. 2005 ஜனவரி முதல் தேதியோடு கோட்டா மறைந்தது. அதற்குள் சங்கம் அதைவிட மிகப் பெரிய வேறொரு காரியத்தில் இறங்கிவிட்டிருந்தது.

அதுதான் தண்ணீர். பருத்திப் பின்னல் துணியை வெளுத்து, சாயமேற்றி, அலசி எடுப்பதற்கு வேண்டிய தண்ணீரின் அளவு, அத்தொழிலை நேரில் காணாதவர்களுக்கு நம்பச் சற்றுக் கடினமானது. திருப்பூரோ மழை குறைந்த மேட்டுப் பாங்கு. நிலத்தடி நீர் வற்றவும் உப்பேறவும் தொடங்கிய பிறகு, சுற்று வட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டாங்கர் லாரிகளில் தண்ணீர் சுமந்து வந்து பட்டறைகளுக்கு விற்பதே தனித் தொழிலாகிவிட்டது. அக்கம்பக்கத்து விவசாயிகளில் சிலர், பயிருக்குப் பாய்ச்சுவதைவிட லாரிக்கு ஊற்றுவதில் லாபம் அதிகம் என்று கண்டார்கள். நகராட்சிக் குழாயோ வீடுகளுக்கே போதவில்லை. வேலை தேடி வருஷந்தோறும் வந்து குவியும் ஜனங்களுக்கும், வருஷந்தோறும் பெருகும் பட்டறைகளுக்கும் ஒரே சமயத்தில் தாகம் எடுத்தது.

இந்நிலையில் 1995-ல், தமிழ்நாடு அரசாங்கமும், ஐ.எல்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனமும், ஏற்றுமதியாளர்கள் சங்கமும் கைகோத்து, புதிய திருப்பூர் பகுதி அபிவிருத்திக் கழகம் என்ற ஒரு கம்பெனியைத் தோற்றுவித்தன. பவானி ஆற்றில் தண்ணீர் எடுத்து, சுத்திகரித்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியாகக் கொண்டுவந்து, தினந்தோறும் 18.5 கோடி லிட்டர் வழங்குவது திட்டம். செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அரசாங்கமே குடிநீர்த் திட்டம் போடுவதும் ஜனங்கள் மனுக் கொடுப்பதுமாகப் பழகிய நாட்டில், வியாபாரிகளின் சங்கம் ஒன்று பங்காளியாக நின்று, முப்பதாண்டு உரிமை பெற்று ஒரு நகரத்துக்கே தண்ணீர் கொண்டுவருவது துணிகரமான யோசனைதான். பணம் திரட்டிக் கையெழுத்தாகவே ஏழெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2005-ஐ ஒட்டித்தான் தண்ணீர் வந்து சேர்ந்தது.

அத்திட்டத்தின் கட்டண ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்கு ஒரு கட்டணம். நகரத்து வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் அதைவிடப் பன்மடங்கு குறைந்த கட்டணம். பட்டறை கொடுக்கும் அதிக விலைதான் வீட்டுக் குழாயின் குறைந்த விலையைத் தாங்குவதாக ஏற்பாடு. சங்கத்தின் நன்மையும் ஊரின் க்ஷேமமும் உண்மையிலேயே ஒரே குழாயில் ஓடிய சந்தர்ப்பம் என்று இதைச் சொல்லலாம். ஆயினும் ஏட்டுக் கணக்கு முழுதும் பலிக்கவில்லை. பட்டறைக்காரர்கள் எதிர்பார்த்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை வாங்கவில்லை. கிணற்று நீரும் டாங்கர் நீரும் மலிவாகக் கிடைக்கும்பொழுது, சங்கக் கூட்டத்தில் திட்டத்துக்குக் கை உயர்த்திய அதே அங்கத்தினர் மறுநாள் தம் பட்டறைக்கு லாரியை வரவழைப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வருமானம் குறைந்து, வாங்கிய கடனின் தவணைகளைத் திருத்தி அமைக்கும் நிலை கழகத்துக்கு ஏற்பட்டது. சங்கத்தின் தீர்மானம் அங்கத்தினரைக் கட்டுப்படுத்துவது அவர்கள் கட்டுப்பட விரும்பும் வரையில்தான். ஆனாலும் அந்தக் குழாய் வந்திராவிடில், 2001-ல் ஜனத்தொகை மூன்றரை லட்சத்தை நெருங்கியிருந்து, 2008-ல் மாநகராட்சியாகி, சுற்றுப்புற ஊர்களையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு 2011-ல் எட்டே முக்கால் லட்சத்தை எட்டிய ஒரு நகரம் எதைக் குடித்திருக்கும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

கொண்டுவந்த தண்ணீர் உபயோகமான பின் எங்கே போவது? இந்தக் கேள்வியைத் திருப்பூர் நெடுங்காலம் உரக்கக் கேட்டுக்கொள்ளவே இல்லை. சாயநீர் நொய்யலில் கலந்தது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பணி முடிந்த அணை, சில ஆண்டுகளுக்குள்ளேயே சாயக் கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. சாயம் துணியில் ஏறிப் பற்றுவதற்காகப் பட்டறைகளில் ஏராளமாக உப்புச் சேர்க்கிறார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பட்டறைக்காரர்கள் கூடி அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை ஒருவாறு நீக்கினவேயன்றி உப்பை நீக்கவில்லை. தெளிந்தாற்போல் தோன்றிய நீர் உப்பைச் சுமந்துகொண்டு கீழ் மடைக்குப் போயிற்று. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் கிணறுகள் கெட்டன, தென்னை காய்ந்தது, நிலம் வெளுத்தது.

பாதிக்கப்பட்ட விவசாயிகள் யாரும் ஏற்றுமதியாளர் சங்கத்திலோ சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்திலோ அங்கத்தினரல்லர். அவர்கள் தங்களுக்கென்று நொய்யல் ஆயக்கட்டுக்காரர்களின் சங்கம் ஒன்றை வைத்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். ஒரு துளிக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006 டிசம்பரில் நீதிமன்றம் கெடு விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. கெடுக்கள் தவறின. சங்கங்கள் அவகாசம் கேட்டன; அவகாசமும் தீர்ந்தது. 2011 ஜனவரி இறுதியில், திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் யாவற்றையும் மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பல நூறு பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றுபோயின. துணியை வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் அனுப்பிச் சாயமிட்டு வரவழைத்தார்கள், ஆர்டர்கள் தாமதமாயின, வாடகை வீடுகளைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பிய தொழிலாளர் பலர்.

இந்த விபரீதத்துக்குப் பிறகுதான் சங்கங்களின் இன்னொரு சாமர்த்தியம் வெளிப்பட்டது. சிறு பட்டறைக்காரன் தனித்துச் செய்ய மிகவும் கடினமான காரியம், கழிவை முற்றிலும் உள்ளேயே சுழலச் செய்யும் முறை. சாயநீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தினால் நல்ல நீர் ஒருபுறம் பிரிகிறது. எஞ்சும் உப்புநீரைச் சாயத்தொட்டிக்கே திரும்ப உபயோகிக்கலாம், அல்லது ஆவியாக்கி உப்பைப் படிகமாக எடுக்கலாம். அருள்புரத்துப் பொது நிலையத்தில் இம்முறையைச் செய்து காட்டி, வழி உண்டு என்று நிரூபித்தார்கள். அரசாங்கம் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பொது நிலையங்கள் மீண்டும் இயங்கின. இன்று சாயநீரின் பெரும்பங்கு மறுபடியும் பட்டறைக்கே திரும்புகிறது. வேறு பல ஊர்ப் போட்டியாளர்களுக்கு இல்லாத இச்செலவு ஒவ்வொரு கிலோ துணியின் மேலும் ஏறுகிறது. ஆகவே கழிவை வெளியேற்றக் கூடாது என்ற இந்த விதி நாடு முழுவதற்கும் சமமாக இருக்க வேண்டும் என்பது சங்கத்தாரின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அதே வேளையில், நீதிமன்றம் கழுத்தைப் பிடிக்கும் வரையில் செய்யாத ஒன்றை, இப்பொழுது ‘சுற்றுச்சூழலைக் காக்கும் ஆடை’ என்று ஐரோப்பிய வியாபாரிகளிடம் பெருமையாகச் சொல்லி விற்பதைப் பார்க்கையில் கீழ்மடை விவசாயிக்கு என்ன தோன்றும் என்பது வேறு விஷயம். எதிர் வழக்காடியவர்களுக்குத்தான் அந்தப் பெருமையில் முதற்பங்கு என்பது என் அபிப்பிராயம். ஆவியாக்கிய பின் மிஞ்சும் கலப்பு உப்பும் சேறும் இன்னும் தலைவலிதான்.

கூலி விஷயத்தில் கதை இவ்வளவு கடுமையானதன்று. ஆனால் அதற்கும் ஒரு பூர்வகதை உண்டு. 1984-ல் பஞ்சப்படி கோரிப் பனியன் தொழிலாளர் நான்கு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றைக்கு ஏற்றுமதியாளர் சங்கம், சைமா முதலிய முதலாளி அமைப்புகள் ஒரு பக்கமும், பல கட்சிகளைச் சேர்ந்த தொழிற்சங்கங்கள் மறுபக்கமுமாக உட்கார்ந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் முழுவதற்கும் பொதுவான கூலி ஒப்பந்தம் போடும் வழக்கம் நிலைத்துவிட்டது. கட்டிங்குக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு, செக்கிங்குக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு சதவீத உயர்வு என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்வோர் விஷயத்தில் ஏடு ஒன்றும் நடப்பு ஒன்றுமாக இருப்பது உண்டு. என்றாலும் ஆயிரக்கணக்கான முதலாளிகளிடம் தனித்தனியே பேரம் பேசுவதாயிருந்தால் எந்தத் தொழிலாளிக்கும் கிட்டாத ஒரு பிடிமானம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. முதலாளிக்கும், பக்கத்துக் கம்பெனிக்காரன் கூலியைக் கூட்டி ஆளை இழுத்துவிடுவானோ என்ற பயம் ஓரளவு தணிகிறது.

மற்ற காரியங்களை விரைந்து சொல்லிவிடலாம். 1997-ல் முதலிபாளையத்தில் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் பின்னலாடைக் கல்லூரி ஒன்று ஏற்பட்டது. வெளிநாட்டு வியாபாரிகள் வந்து காண ஆடைக் கண்காட்சிக்கென்று ஒரு வளாகமும், புதிய திருப்பூரில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவும் பின்னர் அமைந்தன. நெடுநாளாகக் கேட்டு வந்த இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019-ல்தான் அடிக்கல் விழுந்தது. அத்தனை லட்சம் தொழிலாளர் சந்தா கட்டிய ஊருக்கு அது மிகவும் தாமதமே. வியாபாரிகள் சிலர் முன்னின்று நடத்தும் ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் சுற்றுவட்டாரத் தரிசு நிலங்களில் மரம் வைத்து வருகிறது. நிழலைத் தவிர வேறு ஆதாயம் எதிர்பாராத இந்த வேலையை எந்தச் சங்கத்தின் விதிகளிலும் எழுதிவைக்கவில்லை.

மனு எழுதுவது சங்கத்தின் ஓயாத வேலை. நூல் விலை மாதந்தோறும் ஏறிக்கொண்டே போன 2022-ல், சங்கங்கள் சேர்ந்து டில்லிக்கு ஓயாமல் முறையிட்டன. தொழில் அமைப்புகள் கதவடைப்பும் நடத்தின. இறக்குமதிப் பருத்தியின்மேல் இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசாங்கம் அவ்வாண்டு சில மாதங்களுக்கு நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளின்மேல் அமெரிக்கா 50 சதவீத வரியைச் சுமத்தியபொழுது, அந்நாட்டை நம்பியே ஆர்டர் எடுத்திருந்தவர்கள் நிலைகுலைந்தார்கள். கடன் தவணைக்கு அவகாசம், வட்டிச் சலுகை, பருத்தி வரி நீக்கம் என்று மறுபடியும் மனுக்கள் பறந்தன. பருத்தி வரி மீண்டும் தற்காலிகமாக நீங்கியது. வெளிநாட்டில் எடுக்கப்படும் ஒரு தீர்மானம் திருப்பூரின் அனுப்பர்பாளையத்துச் சந்தில் தையல் யந்திரத்தை நிறுத்திவிடக் கூடிய காலத்தில், அந்தச் சந்தின் சார்பில் பேச ஒரு விலாசம் இருப்பது சிறிய விஷயமன்று.

ஆயினும் யாருடைய விலாசம் அது என்று கேட்காமலிருக்க முடியவில்லை. தையல் யந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். சங்கங்களின் நிர்வாகக் குழுப் புகைப்படங்களில் அவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்களின் வாடகையையோ கழிப்பறையையோ பற்றி, ஏற்றுமதிச் சலுகை பற்றிய மனுக்களின் அளவுக்கு மனுக்கள் எழுதப்பட்டதில்லை. 2023 மார்ச்சில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்தி பரவி, அவர்களில் பலர் ரயில் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கியபொழுது, அதிகாரிகளோடு தொழில் அமைப்பினரும் அவர்களிடம் சென்று தைரியம் கூறினார்கள். ஆள் இல்லாவிடில் ஆர்டர் இல்லை என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது என்பதற்காக அந்தத் தைரியவார்த்தையின் மதிப்பு குறைந்துவிடாது.

உண்மையில், திருப்பூரில் ‘சங்கம்’ என்று ஒருமையில் பேசுவதே பிசகு. நிட்டிங் செய்பவர்களுக்கு ஒன்று, சாயப்பட்டறைக்கு ஒன்று, பிரிண்டிங்குக்கு ஒன்று, காம்பாக்டிங்குக்கு ஒன்று, எம்ப்ராய்டரிக்கு ஒன்று, பவர்டேபிளுக்கு ஒன்று என்று தொழிலின் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சங்கம் முளைத்திருக்கிறது. பெரிய சங்கம் அமெரிக்க வரிக்காக டில்லிக்குப் போகையில், பவர்டேபிள்காரர்கள் தங்கள் தையல் ரேட்டை உயர்த்தும்படி அந்தப் பெரிய முதலாளிகளிடமே மனுக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாட்களுக்குள் கொடுக்காதவர், அந்தச் செலவை அவ்வாண்டின் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து அமலுக்கு வந்தபொழுது, நாட்டின் பல வியாபார அமைப்புகள் அதைத் தள்ளிவைக்கும்படி கோரின. நாலு மாதம் ஆறு மாதம் பாக்கிக்காக அலையும் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கோ அது சட்டமே முன்வந்து அளித்த உதவி. பணம் கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இருவருடைய சங்கங்களும் தத்தம் கோரிக்கையின் தலைப்பில் எழுதுவதென்னவோ ‘திருப்பூர்த் தொழில் வளர்ச்சி’ என்றுதான்.